சூடு இருக்கும் இடம்

இடது கன்னத்தில் சூடு இல்லை.

எட்டு நாள் ஒத்திகையிலும் இருந்தது. கடைசிக் காட்சியில் அவள் பெஞ்சின் முனைக்கு வந்து உட்கார்ந்ததும் கன்னத்தில் வந்து படியும். இன்று, நாடகம் நடக்கும்போது, இல்லை.

மேடையில் இருப்பவருக்குத் தன் மேல் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று கண்ணால் தெரியாது. கண் கூசும், அவ்வளவுதான். தோலுக்குத்தான் தெரியும். பழைய ஹாலஜன் விளக்கு வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். வட்டத்தின் ஓரத்தில் இளஞ்சூடு. நடுவில், இட்லிப் பானையின் மூடியைத் திறந்தாற்போல. அந்த நடுவில் முகத்தை வைத்தால் கடைசி வரிசைக்கும் இமை தெரியும்.

இவ்வளவையும் அவளுக்குச் சொல்லித் தந்தது விளக்கு போடும் ரெஜினா. ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை ரெஜினாவே முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற மாட்டாள். பல்பு போய்விடும் என்பாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு வயது அறுபத்திரண்டு. தபால் நிலையத்தில் முத்திரை குத்திய கை. ஓய்வு பெற்ற பிறகு நடிக்க வந்தாள்.

வந்த நாளிலிருந்து அம்மா வேடம். ஒரு முறை, செத்துப்போன அம்மா.

இந்த ஆண்டு உறையூர் அரங்கில் நான்கு நாடகங்கள். நான்கிலும் கலைஞர்கள், நான்கிலும் காதல். அரங்கம் என்பது பழைய அரிசி ஆலை. மழை பெய்தால் இன்னும் தவிடு மணக்கும். இன்று நடக்கும் முதல் நாடகத்தில் சினிமா பேனர் வரைகிற ஒருவரும் கச்சேரிக் குழுவில் பாடுகிற ஒருத்தியும். பாடுகிறவளாக நடிப்பது அவள். கதையில் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கடைசியில் அவர் அவள் முகத்தைப் பெரிய பலகையில் வரைந்து முடிக்கிறார். அவள் அவர் தோளில் சாய்கிறாள். வசனம் கிடையாது. நாற்பது எண்ண வேண்டும். பிறகு விளக்கு அணையும்.

மதியம் அவள் மகன் தயாளன் ஒத்திகைக்கு வந்திருந்தான். முடிந்ததும் இயக்குநரை வெளியே கூட்டிப் போனான்.

ஐந்து மணிக்கு இயக்குநர் வளவன் அவளிடம் வந்தார். பார்வை அவள் செருப்பில் இருந்தது.

"அக்கா, கடைசியில லைட்டு உங்க மேல வேணாம். படத்து மேல மட்டும் போகட்டும். நீங்க இருட்டுல சாஞ்சுக்குங்க. ஒரு குறியீடா இருக்கும்."

"தயாளன் சொன்னானா?"

"உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க முன் வரிசையில உக்காருறாங்களாம்க்கா."

"அப்பக் குறியீடுன்னு சொல்லாத. சம்பந்தின்னு சொல்லு."

ரெஜினா ஏணியில் ஏறினாள். திருகைத் தளர்த்தி, விளக்கைப் பலகைப் பக்கம் திருப்பி, மறுபடி இறுக்கினாள். ஏணியை வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

இப்போது வரைந்த முகம் வெளிச்சத்தில் இருக்கிறது. அவள் இருட்டில் இருக்கிறாள். பக்கத்தில் மாசிலாமணி, பேனர் வரைபவராக நடிப்பவர், சாய்வதற்குத் தோளைக் கொடுத்துக் காத்திருக்கிறார்.

மேடை விளக்கு நகராது. திருகி இறுக்கிவிட்டால் ஏணி இல்லாமல் யாராலும் அதைத் திருப்ப முடியாது. எங்கே பார்க்கிறதோ அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

அவள் எழுந்தாள்.

மாசிலாமணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். இது ஒத்திகையில் இல்லை.

"எங்கங்க?" என்றார் உதடு அசையாமல்.

"வாங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தை முன்னால் நீட்டி நடந்தாள்.

முதல் அடியில் ஒன்றுமில்லை.

இரண்டாவதில் தாடை வெதுவெதுத்தது. மூன்றாவதில் மூக்கு நுனி. இன்னும் அரை அடி. முகம், காது, கழுத்து, எல்லாம் ஒரே நேரத்தில்.

நின்றாள். தோளில் சாய்ந்தாள்.

விளக்கு முன்னால் இருந்தால் நிழல் பின்னால் விழும். பின்னால் இருப்பது பலகை. வரைந்த முகத்தின் மேல் இப்போது இரண்டு தலைகள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

முன் வரிசையில் ஓர் இரும்பு நாற்காலி சிமெண்டுத் தரையில் இழுபட்டது. யாரென்று தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் நாற்காலியைத் தூக்கி நகர்த்தியதில்லை.

காலடிகள் பின்பக்கம் போயின. பின்சுவரை ஒட்டித்தான் ரெஜினாவின் மேசை.

"லைட்ட எறக்குங்க."

கிசுகிசுப்புதான். ஆனால் தகரக் கூரையின் கீழ் கிசுகிசுப்பு என்று ஒன்று கிடையாது. எல்லாருக்கும் கேட்டது.

பதினாறு.

பிடியை இறக்கினால் விளக்கு சட்டென்று போய்விடாது. முதலில் நிறம் மாறும். வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் செம்மையாகும். மூடிய இமைக்குள்ளேயே தெரியும். அதன் பிறகுதான் மூக்கு நுனி ஆறும்.

மாசிலாமணியின் தோள் விலகப் பார்த்தது. அவள் இன்னும் கொஞ்சம் பாரத்தை அதன் மேல் வைத்தாள்.

இருபத்தைந்து.

இமைக்குள் நிறம் மாறியது.

சிவக்கவில்லை. வெளுத்தது.

கன்னம் சுட்டது. நெற்றி சுட்டது. பிடி முக்காலைத் தாண்டி, தள்ள முடிந்த தூரம் வரை போயிருக்க வேண்டும்.

நாற்காலிகளில் யாரும் அசையவில்லை.

முப்பத்தொன்பது.

நாற்பது.

கன்னம் ஆறவில்லை.

நாற்பத்தொன்று.