முந்நூற்று ஐம்பத்திரண்டாவது வரி

வெந்நீர்க் கருவிக்குப் புரோகிராம் எழுதும் அந்த அம்மாளுக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். போன வாரம் கருவிக்குள் இருக்கும் சிப் திடீரென நின்றுபோய், எந்த வரியில் நின்றதென்று வழக்கம்போல் கணினிக்குத் தகவல் அனுப்பியது: வரி 352. புரோகிராமில் இருந்ததோ மொத்தமே 340 வரி.

உடனே அவள் பார்வை பக்கத்து மேசைக்காரர்மேல் பாய்ந்தது. இவள் சொதப்பினால் பதவி உயர்வு அவருக்குத்தானே?

"அண்ணா, என் ஃபைல்ல கைய வச்சீங்களா?"

"உன் பேனாவைக்கூட நான் தொடமாட்டேம்மா. கடிச்சு வச்சிருப்ப."

பாஸ்வேர்டை மாற்றினாள். சிப்பையும் மாற்றினாள். தகவல் மட்டும் மாறவில்லை. திருத்தத் திருத்தப் புரோகிராம் வளர்ந்து, இன்று காலை 351 வரியில் வந்து நின்றது. கருவியின் விளக்கைக் கண்சிமிட்டச் சொல்லும் ஒரே வரிதான் பாக்கி. அதை எழுத அவளுக்கு விரல் எழவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, நீங்களே எழுதுங்க பாப்போம்."

"இதுக்கா ஒரு வாரம் ஆட்டம் காட்டுன?" சிரித்துக்கொண்டே அவர் தட்டி முடித்தார்.

இம்முறை தகவல் வரவில்லை. சிப் ஒழுங்காக ஓடியது. விளக்கும் கண்சிமிட்டியது.

"அண்ணா?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர்தான் இமைக்கவில்லை.