குண்டூசி இல்லாத மாவட்டம்

காய்ச்சல் கண்ட ஊர்களிலெல்லாம் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்த அந்தச் சுவர் வரைபடத்தில், மலையோர மாவட்டம் ஒன்று மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சுகாதாரத் துறைச் செயலாளர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"இங்க ஒண்ணும் இல்லை. மிச்சமிருக்கற மருத்துவக் குழுவை வேற எங்கயாவது அனுப்பிடுங்க, டாக்டர்."

தேசிய நோய்த்தடுப்பு நிறுவனத்தின் இயக்குநர் தமயந்தி அந்த வெறுமையின் மேல்தான் விரலை வைத்தாள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று ஒவ்வொரு மாவட்ட சுகாதார அலுவலகமும் தினமும் கூப்பிட்டுச் சொல்லியாக வேண்டும் என்பது அவள் போட்ட விதி. நேற்று அங்கிருந்து அந்த 'இல்லை' வரவில்லை. இன்றும் வரவில்லை.

"குழு அங்கதான் சார் போகுது."

"நோயே இல்லாத இடத்துக்கா? அமைச்சர் கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் அந்த மாவட்ட அலுவலகத்துக்கு மறுபடி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"வாட்ச்மேன் பேசறேங்க. நேத்துலேர்ந்து ஆபீசுக்கு ஒருத்தரும் வரலீங்க. எனக்கும் உடம்பு கொதிக்குது..."

ரிசீவர் எங்கோ மோதி விழும் சத்தம் கேட்டது.

செயலாளரின் கை தானாகக் குண்டூசி டப்பாவுக்குப் போனது. ஒன்றை எடுத்தவர், எந்த ஊரில் குத்துவதென்று தெரியாமல் வரைபடத்தின் முன்னால் நின்றார்.