வகுப்பில் ஒரு முராய்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் சௌதாவும் கணவன் அன்சாரும் கிள்ளான் நகரில் இருந்த தங்கள் துணிக்கடையைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த டீச்சர் வாணி கோபமாக இருந்தார்.

"உங்க மக நஸ்ரின் சரியான முராய்!"

"முராயா? அழகாப் பாடுமே, அந்தக் குருவியா டீச்சர்?" என்றாள் சௌதா.

"மரத்துல உக்காந்தா பாட்டுக்காரி. கிளாஸ்ல உக்காந்தா வாயாடின்னு அர்த்தம்லா! நான் ஒண்ணு சொன்னா இவ பத்து பேசுறா."

"மத்த பிள்ளைங்ககிட்டயும் பேசுறாளா?" சௌதா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எல்லார்கிட்டயும்தான்! நீங்க கண்டிக்கணும்."

அன்சார் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வழிந்தது.

"என்னங்க சிரிக்கிறீங்க?" என்றார் வாணி.

சௌதா மகளை அருகில் இழுத்து, அவள் தலையை மூடியிருந்த தூடோங்கை மெல்ல விலக்கினாள். காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டியபடி ஒரு கருவி இருந்தது.

"இவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது டீச்சர். பேச்சே வராதுன்னு எல்லாரும் கைவிரிச்சாங்க. ஆபரேஷன் பண்ணி இந்தக் கருவி வெச்ச அப்புறமும் 'அம்மா'ன்னு ஒரு வார்த்தைக்கு நாங்க பட்ட பாடு! இன்னிக்கு நீங்க வாயாடிங்கிறீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

வாணி பதிலுக்கு வாயெடுப்பதற்குள் நஸ்ரின் முந்திக்கொண்டாள்.

"கழட்டிக் காட்டவா டீச்சர்? காந்தம் வெச்சது, மறுபடி ஒட்டிக்கும்! தொட்டுப் பாக்குறீங்களா?"