சூளை ஆறும் வரை

“ஆறிடுச்சா, இல்லையா?” என்று யார்மிலா கேட்டது இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

சூளை பேசவில்லை. ஹெத்விகாதான் பேசினாள். இன்னும் நாலு நாள் ஆகுமாம்.

வாசலோடு நின்றிருந்த வெண்டெலினுக்கு உள்ளுக்குள் பண்டிகை. நாலு நாள்.

இஜெரா ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த கண்ணாடித் தொழிற்சாலை அது. இப்போது கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். யார்மிலா அதன் நிர்வாகி. ஹெத்விகா ப்ர்னோவிலிருந்து வந்தவள். கண்ணாடியை உருக்கி அச்சில் வார்ப்பவள். சூளைக்குள் இருப்பது அவள் வார்த்த தலையணை. நாற்பது கிலோ. தலை வைத்த பள்ளம்கூட உண்டு. தூங்கத்தான் முடியாது.

வெண்டெலின் புகைப்படக்காரன். நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுப்பவன். மருந்து பட்டுப் பட்டு விரல்கள் பத்தும் கறுப்பு. வயது ஐம்பத்தெட்டு. ஒரு விவாகரத்து, ஒரு வழுக்கை. இரண்டுமே அவனைக் கேட்டு நடக்கவில்லை.

கெட்டியான கண்ணாடி ஆற வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல் விட்டுவிடும் என்பதால், வார்த்தவர் சொல்லாமல் யாரும் மூடியைத் திறப்பதில்லை. திறந்த மறுநாள் வார்த்தவர் அறையைக் காலி செய்ய வேண்டும்.

ஆக, மூடி திறந்தால் ஹெத்விகா ரயிலேறிவிடுவாள். அதற்குள் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லத் தெரியாததால் அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தினமும் காலையில் அவளை ஜன்னலோரம் உட்கார வைப்பான். தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவட்டை. எட்டு விநாடி அசையக் கூடாது, லென்ஸையே பார்க்க வேண்டும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே தன் முகமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வான்.

முதல் நாளே படம் அருமையாக விழுந்தது. நீங்கள் கண் சிமிட்டிவிட்டீர்கள், கெட்டுப்போச்சு என்றான்.

மறுநாள் மேகத்தின் மேல் பழி. அதற்கு மறுநாள் மருந்து பழசு. அப்புறம் அவள் மூச்சு விட்டுவிட்டாளாம். கெட்டதாகச் சொன்ன பதினாறு படங்களும் அவன் காலுறை வைக்கும் இழுப்பறையில் வரிசையாக நின்றன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

பதினேழாவது மட்டும் நிஜமாகவே கெட்டது. எட்டு விநாடியை அவ்வளவு மெதுவாக எண்ணியிருந்தான்.

மாலையில் சூளை அறைக்குக் காவல் போவான். தரையில் ஒரு மஞ்சள் கோடு. அவன் மருந்தில் ஈதர் இருக்கிறது, சூளைக்குப் பக்கத்தில் வந்தால் பற்றிக்கொள்ளும் என்று முதல் நாளே கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவள், வெளியே இவன். கசகசா பன்னைப் பிய்த்து அவள் பாதியை இந்தப் பக்கம் வீசுவாள். பாதி நாள் அவன் பிடிக்கத் தவறுவான்.

இன்றைக்கு யார்மிலா விடுவதாக இல்லை. அடுத்த ஆள் லிபெரெட்ஸிலிருந்து நாளைக்கே வருகிறாராம், அச்சு செய்ய ஐந்து மூட்டை பிளாஸ்டரோடு. சூளையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், தொடாமல். மின்சாரத்தை நிறுத்தித் தானாக ஆறவிட்டிருந்தார்கள். டிகிரி காட்டும் பெட்டி இருண்டு கிடந்தது. இனி கை வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான். அது தெரியாமல் போன வருஷம் கை வைத்த தழும்பு யார்மிலாவின் உள்ளங்கையில் இருந்தது.

“போட்டோக்காரரே, சும்மாத்தானே நிக்கறீங்க. இன்னிக்குக் குளிச்ச மாதிரி வேற இருக்கு, ஈதர் நாத்தமே இல்ல. வந்து மூடியைத் தொட்டுச் சொல்லுங்க.”

ஹெத்விகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

வெண்டெலின் மஞ்சள் கோட்டை முதல் தடவையாகத் தாண்டினான். மூடியின் இரும்பில் உள்ளங்கையை வைத்தான்.

வைத்த வேகத்தில் கத்தினான். கையை உதறினான், விரல்களை ஊதினான், ஒற்றைக் காலில் ஒரு சுற்று சுற்றினான்.

“என்னா சூடு அம்மாடி. நாலு நாளா? எட்டு நாளானாலும் இதைத் திறக்க முடியாது.”

யார்மிலா தன் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். லிபெரெட்ஸ்காரரை அடுத்த மாதம் வரச் சொல்ல வேண்டும், அவர் என்ன கத்து கத்தப்போகிறாரோ என்று முனகிக்கொண்டே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

ஹெத்விகா ஒரு கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். அவன் கையைப் பிடித்து அதற்குள் அமுக்கினாள். அவள் முகம் காதுவரை சிவந்திருந்தது.

“ரொம்பச் சுட்டுடுச்சா?” என்றாள், அவனைப் பார்க்காமல்.

“ரொம்ப.”

அவள் தன் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. அவனும் எண்ணவில்லை.

மார்ச் மாதத்து மலைத் தண்ணீர், எலும்புவரை சில்லிட்டது. ஆனாலும் அந்த மூடியைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.