எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தவள்

"அந்த ஊர்ல குளிர் எப்படிம்மா இருக்கும்?" என்று முதல் கேள்வியைத் தொடுத்தார் டத்தோ சிவநேசன்.

தாமரையின் நெஞ்சிலிருந்து பாதி பாரம் இறங்கிவிட்டது. இது அவள் படித்துவைத்திருந்த கேள்வி.

"பகல்ல கேமரன் மலை மாதிரி இருக்கும், டத்தோ. ராத்திரி அதுக்கும் மேல. நல்ல ஜேக்கெட் ஒண்ணு இருந்தா போதும்."

பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலை உணவகத்தின் மேல்மாடியில் இருந்தது மாணவர்களுக்கு நிதி உதவும் உயர்கல்வி அறவாரியத்தின் நேர்காணல் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூவர் அமர்ந்திருந்தனர்: லோரி நிறுவனம் நடத்தும், டத்தோ பட்டம் பெற்ற தலைவர் சிவநேசன், அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற செயலாளர் இராசேஸ்வரி, புடவைக்கடை வைத்திருக்கும் பொருளாளர் கன்னையா. இந்தப் பக்கம், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த தாமரை மட்டும்.

கிள்ளான் கரையோரத்துக் கெராங் சிப்பிகள் ஏன் கூட்டங்கூட்டமாகச் செத்துப்போகின்றன என்பது அவளது முனைவர் பட்ட ஆய்வு. மரத்துக்கு இருப்பதுபோல் சிப்பியின் ஓட்டிலும் வளையங்கள் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கடல் எந்த ஆண்டில் கெட்டது என்பதும் தெரிந்துவிடும்.

அதைக் கற்றுத்தர, ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு கடலாய்வுக்கூடம் அவளுக்கு ஆறு வாரப் பயிற்சியில் இடம் கொடுத்திருந்தது. கட்டணம் கிடையாது. விமானச் செலவும் தங்கும் செலவும் அவள் பாடு.

நாளை மாலைக்குள் வருவதாக உறுதி சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். பயிற்சி இல்லையென்றால் முனைவர் பட்டத்தை மறந்துவிட்டு, முதுகலைப் பட்டத்தோடு இவ்வாண்டே வெளியேற வேண்டியதுதான் என்று அவளுடைய பேராசிரியர் வருத்தத்தோடு சொல்லியிருந்தார்.

ஆகவே தாமரை ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள். நிதி நேர்காணலை எதிர்கொள்வது எப்படி என்று பல்கலைக்கழகம் நடத்திய பயிலரங்கில் அவள் முன்வரிசை. பயிற்சிக்குப் போகப் பணம் தராத பல்கலைக்கழகம், பணம் கேட்கப் பயிற்சி தருவதில் மட்டும் ஒருநாளும் குறைவைத்ததில்லை.

கேள்வி எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும் அது உங்கள் திட்டமிடலைச் சோதிக்கும் கேள்வி என்று அந்தப் பயிலரங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அவளும் அதை நம்பினாள்.

"மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமோ பிள்ளை?" என்றார் இராசேஸ்வரி.

"சூப்புலயே மீன் கலந்துடுவாங்க, மேடம். ஆனா ரயில் ஸ்டேசன் பின்னால ஒரு நேபாளிக் கடை இருக்கு. சோறு, பருப்பு எல்லாம் கிடைக்கும்."

இராசேஸ்வரி கடையின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"தங்குற எடத்துல சுடுதண்ணி வருமா? முட்டிவலிக்காரங்க படி ஏறணுமா?" இது கன்னையா.

தாமரைக்கு முட்டிவலி இல்லை. மூட்டு தேய்ந்த ஆய்வாளர்களையும் இந்த அறவாரியம் மறக்கவில்லையே என்று அவள் மனம் நெகிழ்ந்தது. சுடுதண்ணீர் உண்டு, மின்தூக்கியும் உண்டு என்று விடை சொன்னாள். கையோடு, சிப்பி ஓட்டின் வளையங்களைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சேர்த்தாள்.

"கெராங் அங்கயும் கிடைக்குதா? சுட்டுத் தருவாங்களா?" என்றார் கன்னையா ஆவலாக.

"தருவாங்க, அங்கிள்."

டத்தோ நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "செர்ரிப்பூ எப்பம்மா பூக்கும்?"

"அங்க கொஞ்சம் லேட்டு, டத்தோ. மே மாசம் தொடக்கத்துல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மூன்று தலைகளும் ஒன்றுபோல் அசைந்தன. தாமரைக்கு அந்த அசைவு போதுமானதாயிருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டிய பதிலின் முதல் வரியை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டாள்.

"பிரமாதம்மா! இத்தன வருசத்துல இப்படி ஹோம்வொர்க் பண்ணிட்டு வந்த பிள்ளைய நான் பார்த்ததில்ல லா," என்றார் டத்தோ. "பாரு, பொம்பளப் பிள்ளைங்கள கண்காணாத ஊருக்கு அனுப்புறோம். ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? அதனால மொதல்ல கமிட்டி போய் ஒருதடவ பார்த்துட்டு வந்துடலாம்னு முடிவு. இந்த வருச ஒதுக்கீடு அதுக்கே சரியாப்போச்சு."

தாமரை கேட்டாள்: "யாரு போறீங்க, டத்தோ?"

"நாங்க மூணு பேருதான். என் வீட்டம்மா, டத்தினும் வராங்க. அவங்களுக்குப் பூன்னா உசுரு."

"நாளைக்குள்ள நான் பதில் சொல்லணும், டத்தோ. அடுத்த வருசம் நான் ஸ்டூடண்டாவே இருக்க மாட்டேன்."

"சே, அப்படிச் சொல்லக்கூடாது," என்று அவளைத் தேற்றினார் இராசேஸ்வரி. "நாங்கள் போய்ப் பார்த்து, நல்ல இடம் எண்டு ஒரு ரிப்போர்ட் எழுதி வைக்கிறம். பின்னால வாற பிள்ளையளுக்கு உதவும்தானே."

கன்னையா மட்டும் சற்றுச் சங்கடப்பட்டார். இருக்கையில் நெளிந்தார். பிறகு, இளகிய மனத்தோடு கேட்டார்: "ஒனக்கு அங்கேருந்து என்னா வாங்கிட்டு வரணும், சொல்லு பொண்ணு. சும்மா கேளு."

தாமரை எழுந்து நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆறு வாரம் முடிச்சா ஒரு சர்ட்டிபிகேட் தருவாங்க, அங்கிள். என் பேருல ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க."

யாரும் சிரிக்கவில்லை. பொருளாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலைவரைப் பார்த்தார்.

"அதுக்கு ஐசி கார்டு காப்பி போதுமாம்மா, இல்ல பாஸ்போர்ட் காப்பியும் வேணுமா?" என்று மெய்யான அக்கறையோடு கேட்டார் டத்தோ.