நமசிவாயம் வீட்டுத் துவக்கு

"இது களவு சாமான், அம்மா. நான் எடுக்க மாட்டேன்."

ஜாபிர் அந்தப் பித்தளைத் தகட்டை வந்தவர் பக்கமாகவே தள்ளி வைத்தான்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அவனுடைய பழைய இரும்புக் கடைக்கு ஆண்கள்தான் வருவார்கள். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, பிறகு ட்ராம் ஏறி, நல்ல சீலை உடுத்தி ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வந்து நிற்பதே அதிசயம். அதிலும் இந்தத் தகடு, போன கிழமை அவனே நமசிவாயம் ஐயாவுக்கு விற்றது. அதையும் சொல்லிவிட்டான்.

"நான் அவற்ற மனுசிதான்," என்றார் இரத்தினம்மா.

"அப்ப புருசனுக்குத் தெரியாம விக்க வந்தீங்களா?"

"விக்க வரேல்லை, தம்பி. சும்மா வைச்சிருங்கோ. அவர் தேடி வந்தால் திரும்பக் குடுங்கோ."

ஜாபிருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனிதரிடம் போய் இந்த விளையாட்டா?

நமசிவாயம் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருடைய தகப்பனார் பள்ளிக்கூடப் பெடியன்களுக்கு இராணுவப் பயிற்சி கொடுத்த சார்ஜன்ட். அவர் விட்டுப்போன ஒரே சொத்து ஒரு பயிற்சித் துவக்கு. சுடாது. குழலில் துளை போட்டுத்தான் துரைமார் கொடுத்தார்கள். தோளில் வைத்து லெஃப்ட், ரைட் பழக மட்டும்தான். அதிலும் பாதிச் சாமான் இல்லை. துரைமார் கழித்த துவக்குகளை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தவன் ஜாபிர். அதனால்தான் துவக்கைத் திருத்தி முழுசாக்கச் சாமான் கேட்டு மனிதர் அவனைத் தேடி வந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி வேலை செய்கிற ஆளை ஜாபிர் கண்டதில்லை. ஒரு தரம் வேறு மாதிரித் துவக்கின் ஆணி ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தான். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "இது எங்கட துவக்கின்ர இல்லை, தம்பி" என்று திருப்பி வைத்துவிட்டார். கட்டைக்கு எண்ணெய் ஊட்டுகிற விதத்தைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் கடையில் யாவாரம் நின்றுவிடும்.

"அந்த நல்ல மனுசனை ஏனம்மா அலைய வைக்கிறீங்க?" கொஞ்சம் கடுப்பாகவே கேட்டான்.

இரத்தினம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"எங்களுக்கு ஒரே பெடியன். போன வருசம் நெருப்புக்காய்ச்சலில போயிட்டான். அண்டைக்குப் படுத்த மனுசன், சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. இவரும் போகப் போறார் எண்டு நான் நடுங்கிப் போனன். அலுமாரிக்குப் பின்னால கிடந்த துவக்கை நான்தான் இழுத்துக்கொண்டு வந்து முன்னால போட்டன். அதைப் பார்த்துத்தான் எழும்பினவர்."

"நல்லதுதானே?"

"இந்தத் தகட்டைப் பூட்டினால் வேலை முடிஞ்சுது, தம்பி. முடிஞ்சால் திரும்பப் படுத்திடுவார்."

ஜாபிர் தகட்டை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டான்.

"உள்ளுக்குப் போங்க அம்மா. வீட்டில என்ட பொஞ்சாதி ஹமீமா ஈக்கிறா. பிளேன்டீ ஒண்டு குடிச்சிட்டுப் போகலாம்."

மறுநாளே நமசிவாயம் வந்துவிட்டார்.

"பூட்ட வைச்ச தகட்டைக் காணேல்லை, தம்பி. எலி இழுத்துக்கொண்டு போயிட்டுதாக்கும்."

பித்தளையை எலி என்ன செய்யும் என்று ஜாபிர் கேட்கவில்லை. "ஒங்கட அதிர்ஷ்டம் ஐயா, இன்னொண்டு கிடைச்சிச்சி" என்று அதே தகட்டை எடுத்துக் கொடுத்தான்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. தகடு போகும், வரும். அது சலித்தால் வார் மாட்டுகிற வளையம். இல்லையென்றால் விசைக்குப் பக்கத்து ஆணி. மனிதர் தருகிற சல்லியை ஜாபிர் அந்த அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்துவிடுவான். அந்த அம்மாவும் ஹமீமாவும் உள்ளே இருந்து கதைக்கிற கதை கடைவாசல் வரை கேட்கும்.

நோன்பு மாதம் வந்தது. அன்றைக்கும் நமசிவாயம் வளையத்தைத் தேடிக்கொண்டு வந்து நின்றார். ஜாபிர் வழக்கமான பொய்க்கு வாயெடுத்தான். கதவுக்குப் பின்னால் ஹமீமா செருமினாள். நோன்பு வாயால் பொய் சொல்வதா?

"ஐயா, கோவிக்க வேணாம். நான் ஒங்களுக்கு விக்கிறது ஒங்கட சாமானத்தான். அம்மாதான் கழட்டிக் கொண்டுவந்து தாறாங்க. வேலை முடிஞ்சா நீங்க திரும்பவும் படுத்திடுவீங்க எண்டு அவங்களுக்குப் பயம். அவங்களை ஏச வேணாம்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மனிதர் எழும்பிப் போய்விடுவார், இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்றுதான் நினைத்தான்.

நமசிவாயம் வளையத்தைக் கையில் எடுத்து விரலால் தடவினார்.

"தெரியும், தம்பி. முதல் தரமே தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் அலையிறீங்க?"

"பிள்ளை போன பிறகு அவ வாசலுக்கு வெளியில கால் வைக்கேல்லை. ஆரோடயும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எனக்குச் சமைச்சுத் தந்திட்டு, தான் சாப்பிடாமல் இருந்தவ. இப்பதான் நல்ல சீலை உடுத்தி, கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போறன் எண்டு வெளிக்கிடுறா. உங்கட வீட்டில இருந்து கதைச்சிட்டு, சிரிச்ச முகமாய் வாறா."

கதவுக்குப் பின்னால் ஹமீமா அழுவது கேட்டது.

நமசிவாயம் வளையத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுதான் நானும் ஒரு ஆணியையும் இறுக்கி முடுக்கிறேல்லை, தம்பி. அவவின்ர கைக்கு லேசாய்க் கழர வேணுமே."