அஸ்வத்தின் டப்பா

"மதியம் நீங்க பட்டினி கிடந்து அஸ்வத்துக்கு டப்பா கட்டணுமா, ரங்கநாயகி? பள்ளிக்கூடத்துல இலவசமாச் சத்துணவு போடறோமே" என்றார் தலைமையாசிரியை.

மாமல்லபுரத்தில் அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் அவருக்கு நாற்காலி கிடைத்தது. கூட வந்த சத்துணவுச் சமையலர் எஸ்தர் வாசலோடு நிறுத்தப்பட்டாள்.

"பட்டினி எனக்குப் பழக்கம், டீச்சர். அவ கை பட்டதை எங்காத்துக் குழந்தை தொடமாட்டான். போன வருஷமே எல்லார் முன்னாடியும் சொன்னேனே."

ரங்கநாயகி எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"பாருங்கோ. ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்ட்டுட்டு, அவனே தேய்ச்சு அலம்பிக் கொண்டுவரான். ராத்திரி நான் இதுலதான் மோர்சாதம் சாப்பிடறேன்."

எஸ்தர் வாசலிலிருந்தே கேட்டாள்.

"நேத்து புளியோதரையில இன்னா, உப்பு தூக்கலா இருந்துச்சு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க புள்ள தெனமும் என் சாம்பார் சோத்த ரெண்டு தபா வாங்கித் துன்னுது. டப்பாவ என்கிட்ட குடுத்துடுது. அதுல கைய வுட்டுத் துன்னுட்டு, தேச்சிக் கழுவித் தர்றது நான்தான்."

ரங்கநாயகி டப்பாவைச் சட்டென்று தரையில் வைத்தாள்.

"ஒரு வருசமா எனக்குச் சமைச்சிப் போடறது நீங்கதான், மாமி. நாளைக்கு உப்பக் கொறச்சுக்கோங்க."